சாவி இருக்குன்னு கதவை திறக்கலாமா? வாடகை வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய சட்டம் போடும் கண்டிஷன்

திண்டுக்கல்,

பூட்டுக்கு பேர்போன ஊர் திண்டுக்கல். 2019-ம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இதே ஊரில் வாடகைக்கு குடியிருக்கும் பலருக்கு, தன் வீட்டு பூட்டுக்கு இன்னொரு சாவி அடுத்தவர் கையில் இருக்கிறதே என்பதுதான் கவலை.

வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு காலையில் வந்து படுத்திருப்பார் ஒரு தொழிலாளி. தட தடவென்று கதவு தட்டும் சத்தம். எழுந்து பார்த்தால் வீட்டுக்காரர், முன்பின் தெரியாத 4 பேருடன் நிற்பார். "வீடு பாக்க வந்திருக்காங்க, கொஞ்சம் தள்ளுப்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்.

நாகல்நகரிலோ பேகம்பூரிலோ லைன் வீட்டில் ஒரு பெண் குளித்துவிட்டு சேலை மாற்றிக்கொண்டிருப்பார். "மீட்டர் பாக்கணும்மா" என்று வெளியே குரல் கேட்கும். பதில் சொல்வதற்குள் கதவு திறந்துவிடும்.

சின்னாளபட்டியில் புருஷன், பொண்டாட்டி 2 பேரும் வேலைக்கு போய்விட்டு சாயங்காலம் திரும்பினால், உள்ளே வைத்த பொருள் இடம் மாறி இருக்கும். கேட்டால், "பைப்பு ஒழுகுதான்னு பாத்தேன்" என்று பதில் வரும்.

இதெல்லாம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு புதுசு இல்லை. "என் வீடு, நான் எப்ப வேணும்னாலும் வருவேன், கேக்க நீ யாரு?" என்பது வீட்டுக்காரர் பக்க பேச்சு. "எதுத்து பேசினா நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்பது குடியிருப்பவர் பக்க பயம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? வீடு அவருடையதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வாடகை வாங்கிக்கொண்டு வீட்டை கொடுத்த பிறகு, அந்த கதவுக்கு உள்ளே இருக்கும் இடம் குடியிருப்பவரின் அனுபவத்தில் இருக்கிறது. நினைத்த நேரத்துக்கு உள்ளே நுழைய உரிமையாளருக்கும் அனுமதி கிடையாது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

புது சட்டம் வந்தது எப்போது?

தமிழ்நாட்டில் வீட்டு வாடகை விவகாரங்களுக்கு 1960-ம் ஆண்டு கொண்டுவந்த சட்டம்தான் ரொம்ப காலம் அமலில் இருந்தது. அதற்கு பதிலாக, வீட்டு உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ந்தேதி முதல் அது அமலுக்கு வந்தது. அன்றோடு 1960-ம் ஆண்டு சட்டம் ரத்தானது.

இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். திண்டுக்கல் 2014-ம் ஆண்டு மாநகராட்சி ஆனது. எனவே மாநகராட்சி வார்டுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்த சட்டம் பொருந்தும். நகராட்சியான ஒட்டன்சத்திரம், பேரூராட்சிகளான சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர், நத்தம் போன்ற ஊர்களுக்கும் இதே சட்டம்தான்.

மில் நிர்வாகம் தன் தொழிலாளிக்கு வேலையோடு சேர்த்து கொடுக்கும் குவார்ட்டர்ஸ், அரசுக்கு சொந்தமான வீடு ஆகியவை இதில் வராது. அங்கே வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் பார்க்க வேண்டும்.

24 மணி நேரம் முன்னாடி நோட்டீஸ்

வீட்டுக்குள் உரிமையாளர் நுழைவது பற்றி இந்த சட்டத்தின் 17-வது பிரிவு பேசுகிறது. அதன்படி, வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே குடியிருப்பவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

சும்மா "நாளைக்கு வர்றேன்" என்று எழுதினால் போதாது. எதற்காக வருகிறார், எந்த தேதி, எத்தனை மணி என்பதை அதில் குறிப்பிட வேண்டும். அந்த நேரமும் காலை 7 மணியில் இருந்து இரவு 8 மணிக்குள் இருக்க வேண்டும். ராத்திரி 10 மணிக்கு வந்து கதவை தட்டி "செவுத்துல வெடிப்பு பாக்கணும்" என்று சொல்ல முடியாது.

என்னென்ன காரணத்துக்கு வரலாம் என்பதும் சட்டத்தில் உள்ளது.

1. ரிப்பேர் பார்க்க, பழுதான பொருளை மாற்ற, வீட்டில் வேலை செய்ய.

2. வீடு குடியிருக்க தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்வையிட.

3. வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேறு நியாயமான காரணத்துக்காக.

உரிமையாளருக்கு மட்டும் அல்ல, அவர் சார்பில் வீட்டை பார்த்துக்கொள்ளும் மேனேஜருக்கும் இதே விதிதான். "ஓனர் வெளியூர்ல இருக்காரு, நான்தான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவரும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

இது நம்மூரில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. மத்திய அரசு 2021-ம் ஆண்டு ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகை சட்டத்திலும் 24 மணி நேர நோட்டீஸ் இருக்கிறது. சூரியன் உதிக்கும் முன்பும், மறைந்த பிறகும் நுழையக்கூடாது என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 1985-ம் ஆண்டு சட்டப்படி, வீட்டின் நிலையை பார்வையிட வரும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வீடு பார்க்க ஆள் கூட்டி வந்தால்?

அதிகமாக தகராறு வருவது இந்த இடத்தில்தான். வீட்டை விற்கப்போகிறார், அல்லது அடுத்த ஆளுக்கு வாடகைக்கு விடப்போகிறார். அதற்காக புரோக்கரோடு தினம் ஒரு கும்பலை கூட்டி வருகிறார்.

இந்த காரணம் சட்டத்தில் தனியாக சொல்லப்படவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது 3-வது காரணத்தில் வரும். அப்போதும் 24 மணி நேர நோட்டீஸ் வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால், உங்கள் சம்மதத்தோடுதான் கூட்டி வர வேண்டும்.

அதற்காக முறைத்துக்கொள்ள தேவையில்லை. "ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு மேல கூட்டிட்டு வாங்கண்ணே, நான் வீட்ல இருப்பேன்" என்று நாமே ஒரு நேரம் சொல்லிவிட்டால் பாதி சண்டை குறையும்.

எதுவரை அவர் இடம், எதில் இருந்து உங்கள் இடம்?

காம்பவுண்டு வீடு, லைன் வீடு என்றால் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் புழங்கும் முற்றம், மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர் தொட்டி, பொதுவான மோட்டார் ரூம் ஆகியவற்றுக்கு உரிமையாளர் வந்து போவதை யாரும் தடுக்க முடியாது. மீட்டர் பெட்டி வெளியே வராண்டாவில் இருந்தால் அதை பார்க்கவும் தடை இல்லை. உங்கள் வீட்டு வாசற்படியை தாண்டி உள்ளே வருவதற்குத்தான் கட்டுப்பாடு.

பாதுகாப்புக்கு என்று பொது இடத்தில் கேமரா வைக்கலாம். ஆனால் அது குளியல் அறையையோ, வீட்டின் உட்புறத்தையோ பார்த்தபடி இருக்கக்கூடாது. பெண்களின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும், படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 77-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே 1 ஆண்டுக்கு குறையாமல் 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு.

சொந்த பூட்டு போடலாமா?

"அட்வான்ஸ் கொடுத்து குடிவந்த அன்னைக்கே பூட்டை மாத்திடு" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. வெளியே போகும்போது தாழ்ப்பாளில் சொந்த பூட்டு மாட்டிக்கொள்வதை இந்த சட்டம் தடுக்கவில்லை. கதவில் இருக்கும் பூட்டு, கைப்பிடி ரிப்பேரை பார்க்க வேண்டிய பொறுப்பையே குடியிருப்பவரிடம்தான் சட்டம் கொடுத்திருக்கிறது.

ஆனால் கதவை துளை போட்டு புது பூட்டு பொருத்துவதாக இருந்தால், உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் காலி செய்யும்போது கதவு சேதம் என்று சொல்லி அட்வான்சில் கை வைக்க வாய்ப்பு உண்டு.

ரிப்பேர் யார் பொறுப்பு?

உரிமையாளர் உள்ளே வருவதற்கு பெரும்பாலும் சொல்லும் காரணம் ரிப்பேர்தான். எனவே யார் எதை பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

சுவர், கூரை போன்ற கட்டிட ரிப்பேர், வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, பழைய பைப் மாற்றுவது, ஒயரிங் வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர் மாற்றுவது, அடைத்துக்கொண்ட சாக்கடை குழாயை சுத்தம் செய்வது, சுவிட்ச், பிளக் பாயிண்ட் சரிசெய்வது, ஜன்னல் கண்ணாடி மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு.

வீட்டில் ஏதாவது பழுது என்றால் அதை உரிமையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டிய கடமை குடியிருப்பவருக்கு இருக்கிறது. சொல்லாமல் விட்டு, சுவர் ஊறி இடிந்த பிறகு "எனக்கு தெரியாது" என்று சொன்னால் செல்லாது.

குடியிருப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு

முறையாக நோட்டீஸ் கொடுத்து, சரியான காரணத்தோடு, பகல் நேரத்தில் வரும் உரிமையாளரை உள்ளே விடமாட்டேன் என்று மறுப்பதும் தப்பு. அது பின்னால் உங்களுக்கே பாதகமாக முடியும். சொன்ன நாளில் உங்களுக்கு வசதி இல்லை என்றால், வேறு நாள் சொல்லி பதில் எழுதுங்கள்.

இன்னொன்று, கியாஸ் கசிவு, தீ, பைப் உடைந்து தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் புகுவது போன்ற அவசரத்தில் 24 மணி நேர கணக்கு பார்த்துக்கொண்டு யாரும் நிற்க முடியாது. அந்த நேரத்தில் உயிரும் பொருளும்தான் முக்கியம். உரிமையாளர் கதவை திறந்தே ஆக வேண்டும் என்றால், உங்களுக்கு செல்போனில் தகவல் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்தினர் 2 பேரை சாட்சிக்கு வைத்துக்கொண்டு திறப்பது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அத்துமீறினால் போலீசுக்கு போகலாமா?

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்திய தண்டனை சட்டத்துக்கு பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துள்ளது. அதில் 329-வது பிரிவு அத்துமீறி நுழைவது பற்றியது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால் 1 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அடுத்தவர் அனுபவத்தில் இருக்கும் இடத்துக்குள் ஒருவர் போனார் என்பது மட்டும் குற்றம் ஆகாது. குற்றம் செய்யவோ, அங்கு இருப்பவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு போயிருக்க வேண்டும். பைப் ஒழுகலை பார்க்க சொல்லாமல் வந்தவர் மீது இந்த பிரிவில் வழக்கு நிற்பது கஷ்டம். காலி செய்ய வைக்க வேண்டும் என்று உள்ளே புகுந்து பாத்திரத்தை தூக்கி வெளியே போட்டால் கதை வேறு.

பெண்ணின் மானத்துக்கு பங்கம் வரும்படி அவருடைய தனிமையில் தலையிட்டால் 79-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும், அபராதமும் உண்டு. இப்படிப்பட்ட புகாரை மகளிர் போலீஸ் நிலையத்தில் கொடுக்கலாம். உடனடி உதவிக்கு போலீஸ் எண் 100 அல்லது 112, பெண்கள் உதவி எண் 181.

புகார் கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் வழக்கு போட மறுத்தால், புகாரை எழுதி மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கு தபாலில் அனுப்பலாம்.

கரண்ட், தண்ணியை நிறுத்தினால்?

"உள்ளே விடமாட்டேன்னா சொல்றே?" என்று கோபித்துக்கொண்டு மோட்டார் சுவிட்சை ஆப் செய்வது, பியூஸ் கட்டையை பிடுங்குவது சில இடங்களில் நடக்கிறது. இதை சட்டத்தின் 20-வது பிரிவு தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசிய தேவைகளை உரிமையாளர் தானாகவோ, ஆள் வைத்தோ நிறுத்தக்கூடாது.

அப்படி நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் முன்பே, உடனடியாக இணைப்பு கொடுக்கச்சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும்.

யாரிடம் மனு கொடுப்பது?

துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் வாடகை கோர்ட்டு, அதற்கும் மேல் வாடகை தீர்ப்பாயம் உள்ளது. உங்கள் பகுதிக்கு எந்த அதிகாரி என்பதை கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு தெரிந்துகொள்ளலாம். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தாலும், உரிய அதிகாரிக்கு அனுப்பிவைப்பார்கள்.

வக்கீலுக்கு கொடுக்க பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலை தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணில் போனிலும் ஆலோசனை கேட்கலாம்.

நாளைக்கே காலி பண்ணு என்றால்?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். உரிமையாளர் வாயால் சொல்லிவிட்டார் என்பதற்காக அன்றே சாமான்களை கட்ட வேண்டியது இல்லை. காலி செய்ய வைக்க அவர் வாடகை கோர்ட்டுக்கு போய் உத்தரவு வாங்க வேண்டும். சட்டப்படி அனுபவத்தில் இருப்பவரை, அவர் சம்மதம் இல்லாமல், கோர்ட்டு வழியாக இல்லாமல் வெளியேற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ம் ஆண்டிலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆனால் இதில் குடியிருப்பவர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உள்ளது. புது சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாக காட்டி, வீட்டை காலி செய்து தரச்சொல்லி உரிமையாளர் கோர்ட்டுக்கு போக முடியும். வாடகை பாக்கி வைத்தாலும் அதே கதிதான். வாய் வார்த்தையில் 10 வருடம் குடியிருப்பவருக்கு கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

எனவே சண்டை போடுவதற்கு முன்னால் பேப்பரை சரி செய்ய வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே, "24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவித்துவிட்டு, குடியிருப்பவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் உள்ளே வருவேன்" என்று ஒரு வரி சேர்க்கச்சொல்லி கேளுங்கள். மாற்று சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். எந்த நேரமும் வரலாம் என்று ஏற்கனவே அச்சடித்து வைத்த ஒப்பந்தத்தில் படித்துப்பார்க்காமல் கையெழுத்து போடாதீர்கள்.

ஒத்தி வீடு என்றால்?

திண்டுக்கல், மதுரை பக்கம் மொத்தமாக ஒரு தொகையை கொடுத்து ஒத்திக்கு வீடு பிடிப்பது வழக்கம். மாத வாடகை கிடையாது. நகையை விற்று, சீட்டு எடுத்து கொடுத்த பணமாக இருக்கும். அனுபவத்தை கொடுத்து எழுதும் ஒத்தி என்பது சட்டப்படி ஒரு வகை அடமானம். சொத்து மாற்ற சட்டப்படி அதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வெறும் பத்திரத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பிரச்சினை வரும்போது பணத்துக்கே ஆபத்து. ஒத்திக்கு இருப்பவர் வீட்டுக்குள் புகுந்து மிரட்டினாலும், மேலே சொன்ன 329-வது பிரிவு பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்?

* முதல் தடவை என்றால் மரியாதையாக வாயால் சொல்லிப்பாருங்கள். "ஐயா, பொம்பளைப்புள்ள இருக்கிற வீடு. ஒரு நாள் முன்னாடி போன் போட்டுட்டு வாங்க" என்று சொன்னால் கேட்கும் உரிமையாளர்கள் நிறைய பேர் உண்டு.

* கேட்கவில்லை என்றால் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த தேதி, எத்தனை மணிக்கு சொல்லாமல் வந்தார் என்று குறிப்பிட்டு, இனிமேல் 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரும்படி கேளுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

* ஒவ்வொரு தடவை நடப்பதையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். செல்போனில் வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

* வாடகையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் வாடகை கொடுக்காமல் விட்டால் வழக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும். ரசீது கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் வங்கி மூலம் அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்ட சட்டத்தில் வழி இருக்கிறது.

* அதன் பிறகும் தொடர்ந்தால் மனு கொடுங்கள். மிரட்டல், கைகலப்பு, பெண்களுக்கு தொல்லை என்றால் காத்திருக்காமல் போலீசுக்கு போன் செய்யுங்கள்.

வீட்டை கட்டி வாடகைக்கு விடுபவர்களிலும் பாதிப்பேர் லோன் கட்டிக்கொண்டிருக்கும் சாதாரண குடும்பத்தினர்தான். தன் வீட்டை ஒருவர் எப்படி வைத்திருக்கிறார் என்று பார்க்க ஆசைப்படுவது தப்பு இல்லை. ஒரு நாள் முன்னாடி சொல்லிவிட்டு, கதவை தட்டிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டு வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர் அரை மணி நேரம் நிம்மதியாக தூங்குவார். வயசுப்பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு போகும் தாய், சாவி யார் கையில் இருக்கிறதோ என்று பயப்படாமல் தறியில் உட்காருவார்.